சத்தம் போடாத வால்வு

எங்கள் மீன்பிடி போட்டில் மாத்திரை டப்பா என் பொறுப்பில் இருந்தது. நான் சமையல்காரன் என்பதால் வந்த பொறுப்பு அது. அரிசியும் மிளகுப்பொடியும் தேங்காயெண்ணெயும் இருக்கிற அலமாரியில், ஒரு பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் பல்வலிக்கும் தூண்டில் முள் ஏறின கைக்கும் மாத்திரைகள் கிடக்கும். கொச்சித் துறைமுகத்தை விட்டால் திரும்பக் கரையைப் பார்க்க ஒரு மாதத்துக்கு மேலும் ஆகும். அதனால் எங்கள் கடற்கரைக்காரர்கள் போகிற எல்லா போட்டிலும் இப்படி ஒரு டப்பா உண்டு. ஊருக்கு வரும்போது மார்த்தாண்டத்தில் ஒரு மருந்துக்கடையில் மொத்தமாக வாங்கி நிரப்பிக்கொள்வோம்.

டப்பாவுக்கு ஒரு சட்டம் இருந்தது. காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டும். மீதியைத் திரும்ப டப்பாவில் போட்டுவிட வேண்டும். அடுத்தவனுக்குக் காய்ச்சல் வந்தால் வேண்டுமே. சுகமான பிறகும் மாத்திரை தின்கிறவனை எங்களுக்குப் பிடிக்காது. அடுத்தவன் பங்குச் சோற்றைத் தின்கிறவனைப் பார்ப்பதுபோலப் பார்ப்போம். நான் இந்தச் சட்டத்தைக் கண்டிப்பாக நடத்தி வந்ததால் போட்டில் எனக்கு டாக்டர் என்று பெயர்.

எனக்கு ஊர் இராஜாக்கமங்கலம் பக்கம். எட்டாம் வகுப்பு பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டேன். விரட்டவும் இல்லை, வறுமையும் இல்லை. ஒரே இடத்தில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். ரப்பர் பால் வெட்டினேன், கருங்கல் குவாரியில் கிடந்தேன், ஆசாரி ஒருவரோடு கதவு ஜன்னல் மாட்டப் போனேன், வளைகுடாவில் ஒரு கிடங்கில் பெட்டி சுமந்தேன். குவாரியில் ஒரு விரலின் நுனி போயிற்று. வளைகுடாவில் கொஞ்ச காலம் சம்பளம் வரவில்லை. இதெல்லாம் எல்லோருக்கும் நடப்பதுதான். எங்கே போனாலும் சில மாதத்தில் உள்ளங்கால் அரிக்கத் தொடங்கிவிடும். கடைசியில் இனயம் என்கிற கடற்கரை ஊரில் பெண் கட்டி, அவள் வழியாகக் கடலுக்கு வந்தேன். கடலில் மட்டும் அந்த அரிப்பு இல்லை. போட்டு தானே போய்க்கொண்டிருக்கிறது.

என் மனைவி மீன் வியாபாரம் செய்கிறவள். காலையில் கடற்கரையில் ஏலம் எடுத்து, மார்த்தாண்டம் சந்தைக்குக் கொண்டுபோய் விற்பாள். மீனின் செவுளை விரலால் ஒரு தடவை விரித்துப் பார்த்தால் போதும், வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்துவிடுவாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் கடலில் இருக்கும்போது அவள் தனியாகத்தான் இருந்தாள். அதைப் பற்றி அவள் புகார் சொன்னதில்லை. நக்கலாகச் சொல்வாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தால், "விருந்தாளி வந்தாச்சு, இரிங்க, சாயா போடுகேன்" என்பாள்.

ஒரு பயணத்தில் எனக்குக் கடைவாய்ப் பல் உடைந்து வீங்கியது. போட்டு டிரைவர் என் பழைய சேக்காளி. அவர்தான் தூண்டில் நரம்பைச் சுற்றி அந்தப் பல்லை இழுத்தார். பாதி வந்தது, வேர் உள்ளேயே நின்றுவிட்டது. அதன் பிறகு காய்ச்சல். டப்பாவிலிருந்து எடுத்துத் தின்றேன், விட்டது. நிறுத்தினேன், மீதியைத் திரும்பப் போட்டேன். பத்துப் பதினைந்து நாளில் திரும்ப வந்தது. திரும்பத் தின்றேன், திரும்ப விட்டது. இப்படியே அந்தப் பயணம் முடிந்தது. கரைக்கு வந்தபோது என் சட்டை எனக்கு இரண்டு ஆள் சட்டையாக இருந்தது.

மனைவி வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். விருந்தாளி பேச்சு வரவில்லை. பக்கத்தில் வந்து, என் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள்.

"செவுளு வெளுத்துப் போச்சு," என்றாள். "நட, ஆஸ்பத்திரிக்கு."

மார்த்தாண்டத்தில் பார்த்த டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். வேறு இடத்தில் வைத்துத் திரும்பவும் கேட்டார். அன்றைக்கே திருவனந்தபுரத்துக்குப் போகச் சொல்லிவிட்டார். போகிற வழியில் வண்டியில் என்னால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. அவள் தோளில் சாய்ந்து உட்கார்ந்தபடியே போனேன். அவள் மேல் மீன் வாசனை அடித்தது. அன்றைக்குச் சந்தையிலிருந்து வந்து அவள் குளிக்கவும் இல்லை. மூச்சு முட்டுகிறவனுக்கு அந்த வாசனை அவ்வளவு தைரியம் கொடுக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

திருவனந்தபுரத்தில் அறுவை சிகிச்சை டாக்டர் மலையாளி. மெதுவாகப் பேசுகிறவர். நாங்கள் பேசுவது அவருக்கும் அவர் பேசுவது எங்களுக்கும் புரிந்தது. தொண்டை வழியாகக் குழாய் விட்டு எடுத்த படத்தைக் காட்டினார். இதயத்திலிருந்து உடம்புக்கெல்லாம் ரத்தம் போகிற பெரிய குழாயின் வாசலில் ஒரு வால்வு இருக்கிறது. எல்லோருக்கும் அதில் மூன்று இதழ். எனக்குப் பிறவியிலேயே இரண்டுதான். இத்தனை வருடம் அது ஒன்றும் செய்யவில்லை. இப்போது பல்லிலிருந்து கிருமி ரத்தத்தில் ஏறி, அந்த இதழ்களில் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. படத்தில் ஏதோ ஒன்று பாசி மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

"என்ன கிருமி என்று கண்டுபிடிக்க ரத்தத்தை எடுத்து வளர்த்துப் பார்ப்போம்," என்றார் டாக்டர். "உங்களுக்கு மூன்று தடவை எடுத்தும் ஒன்றும் வளரவில்லை. முன்னாலே ஏதாவது மாத்திரை கழிச்சதா, சாப்பிட்டதா?"

நான் டப்பாவைப் பற்றிச் சொன்னேன். சட்டத்தையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அரைகுறையாகத் தின்ற மருந்து கிருமியைக் கொல்லாமல் ஒளித்து வைத்துவிடும், ஆள் யார் என்று தெரியாமலேதான் இனி அடிக்க வேண்டும் என்றார்.

பலருக்கு ஆறு வாரம் நரம்பில் மருந்து ஏற்றினாலே சரியாகிவிடுமாம். எனக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. வால்வு கிழிந்து ரத்தம் பின்னால் ஒழுகுகிறது, அதுதான் மூச்சு முட்டுகிறது. அதோடு வால்வு உட்கார்ந்திருக்கிற வளையத்துக்குப் பக்கத்தில் சீழ் கட்டத் தொடங்கியிருக்கிறது. இதயத்தைத் துடிக்க வைக்கிற மின்சாரக் கம்பி போகிற வழி அது. சீழ் இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் துடிப்பு நின்றுபோகலாம். மருந்தும் ஓடட்டும், நாளை மறுநாளே திறந்து எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு வேறு வால்வு வைக்க வேண்டும் என்றார்.

"எந்த வால்வு என்று உங்கள் இரண்டு பேரிடமும் பேச வேண்டும்," என்றார்.

ஆசாரியோடு கதவு மாட்டப் போனவன் என்பதால் எனக்கு இது விளங்கியது. கட்டளை என்கிற நிலைச்சட்டம் செல்லரித்துப் போன கதவை எடுத்துவிட்டுப் புதுக் கதவு மாட்டுகிற வேலைதான். என்ன கதவு என்பதுதான் கேள்வி.

ஒன்று, செயற்கை வால்வு, பார்க்க இரும்புபோல இருக்கும். ஆயுசுக்கும் தேயாது. ஆனால் அதில் ரத்தம் கட்டிக்கொள்ளும், அதனால் ரத்தத்தை நீர்க்க வைக்கிற மாத்திரையை ஒரு நாள் விடாமல் சாகிறவரை சாப்பிட வேண்டும். மாதம் ஒரு தடவையாவது ரத்தம் எடுத்து, அது சரியாக நீர்த்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கீரையைக்கூட ஒரே அளவில் சாப்பிட வேண்டும். இன்னொன்று, மாட்டின் இதயத்தைச் சுற்றியிருக்கிற சவ்வில் செய்த வால்வு. அந்த மாத்திரை தேவையில்லை, சில மாதத்துக்கு மட்டும் வேண்டியிருக்கலாம். ஆனால் பத்து, பதினைந்து வருடத்தில் தேய்ந்துவிடும், திரும்ப நெஞ்சைத் திறக்க வேண்டியிருக்கும். மூன்றாவதும் ஒன்று உண்டு. இறந்துபோன மனிதரிடமிருந்து தானமாக எடுத்துப் பதப்படுத்தி வைத்திருக்கிற வால்வு, அது உட்கார்ந்திருக்கிற குழாயோடு சேர்த்து. சீழ் அடிவரை அரித்திருந்தால் அது நன்றாகப் பொருந்தும். ஆனால் நமக்கு வேண்டிய அளவு வேண்டிய நேரத்தில் கிடைக்க வேண்டும்.

"யாரு பெத்த பிள்ளையோ," என்று மனைவி சிலுவை போட்டுக்கொண்டாள்.

பக்கத்து வால்வையே கழற்றி இந்த இடத்தில் மாட்டிவிட்டு, அந்த இடத்துக்கு வேறொன்று வைக்கிற முறையும் இருக்கிறதாம். என் உடம்பு இருக்கிற நிலைமையில் அவ்வளவு நீண்ட வேலை வேண்டாம் என்றார். நானும் ஒரு அறையின் கதவைக் கழற்றி இன்னொரு அறைக்கு மாட்டுவதை விரும்பியதில்லை.

"கிருமியைப் பொறுத்தவரை செயற்கையோ மாடோ பெரிய வித்தியாசம் இல்லை," என்றார் டாக்டர். "கெட்டதை முழுதும் எடுத்தோமா என்பதுதான் காரியம். உங்களுக்கு ஐம்பது ஆகப் போகிறது. இரண்டில் எதுவும் வைக்கலாம். திறந்து பார்த்த பிறகு நான் மாற்ற வேண்டி வரலாம். ஆனால் உங்கள் விருப்பம் எனக்குத் தெரிய வேண்டும்."

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் என் மனைவி பேசிவிட்டாள்.

"இரும்பு வையுங்க டாக்டரே."

"உண்மையில் அது இரும்பு இல்லை அம்மா. கார்பன். ஒருவகைக் கரி."

"கரியானாலும் செரி, ஆயுசுக்கும் கெடக்குமில்லியா? அது போதும்."

"ஒரு விஷயம். அமைதியான அறையில் டிக் டிக் என்று லேசாகச் சத்தம் கேட்கும். சிலருக்குப் பிடிக்காது."

அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. அந்த ஆஸ்பத்திரியில் அவள் முகத்தில் நான் பார்த்த முதல் சந்தோஷம். "கேக்கட்டும். இந்த மனுசன் வீட்டுக்குள்ள இருக்காரா இல்லியாண்ணு இத்தன வருசமா எனக்குத் தெரிஞ்சதில்ல. சத்தம் கேட்டா தெரியும்லா."

டாக்டர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மாதம் ஒரு தடவை ரத்தம், ஒரே அளவு கீரை, ஒரே ஊர். எனக்கு மாடுதான் வேண்டும் என்றேன். பேசி முடிவு செய்து நாளைக்குச் சொல்லுங்கள் என்று போய்விட்டார்.

அன்றைக்கு மத்தியானம் முழுதும் இதே பேச்சு.

"மாதம் மாதம் ரெத்தம் எடுக்கணும்லா, அதுக்காவது வீட்டுக்கு வருவீங்க," என்றாள்.

"அதுக்காவா எனக்க நெஞ்சுக்குள்ள பூட்டு போடப் பாக்க?"

"பூட்டு இல்லாத வீட்ட நான் எவ்வளவு நாளு காக்கது?"

"மாடுண்ணா மாத்திர வேண்டாம் ஏட்டி."

"பத்து வருசம் கழிச்சு திரும்பக் கீறணும். அப்ப எனக்கும் வயசாயிரும். உங்களத் தூக்கிட்டு நான் எங்க ஓடுவேன்?"

நான் தலையணையை நிமிர்த்தி வைத்துச் சாய்ந்துகொண்டேன்.

அந்த நேரத்தில் போட்டு டிரைவர் வந்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார். விவரம் முழுதும் போனிலேயே கேட்டிருந்தார். பல்லைப் பிடுங்கியது தான்தான் என்கிற வருத்தம் அவருக்கு. அதை மறைக்கச் சத்தமாகப் பேசினார்.

"எலேய் டாக்டரே, என்னவாக்கும்? மாடு தின்னு தின்னு, கடைசில மாடு உனக்க நெஞ்சுல ஏறி இருக்கப் போவுதாம்?"

"இரும்பு வைக்கணும்ணு சொல்லுதா இவ," என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "வேண்டாம் மக்கா. ரெத்தம் நீத்துப் போவுமாம்லா? தூண்டி முள்ளு ஒண்ணு கீறினா போதும், கரை வந்து சேருமுன்ன வடிஞ்சிருவ. இரும்பு வச்சா உன்ன நான் போட்டுல ஏத்த மாட்டேன், இப்பவே சொல்லிப்போட்டேன்."

என் மனைவி ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்: "அப்ப இரும்புதான், சந்தேகமில்ல."

டிரைவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "எனக்கு ஒண்ணும் தெரியாதப்பா," என்று எழுந்து போய்விட்டார். அவள் சுளையைப் பிரித்து என் வாயில் வைத்தாள். சண்டை போடும்போதும் அவள் எனக்கு ஊட்டுவதை நிறுத்தவில்லை. விதையை எடுத்துவிட்டுத்தான் ஊட்டினாள்.

மறுநாள் காலையில் டாக்டர் வந்தார். நான் களைத்திருந்தேன். அவள் கேட்கிறபடியே இருக்கட்டும் என்று மனதுக்குள் பாதி ஒத்துக்கொண்டும் விட்டேன். வீட்டில் கிடப்பது அப்படி ஒன்றும் சாவில்லை. டாக்டர் என்னிடம் கேட்கவில்லை. அவளிடம்தான் கேட்டார்.

"அம்மா, ஒன்று மட்டும் எனக்குச் சொல்லுங்கள். செயற்கை வால்வு வைத்தால் மாத்திரை ஒரு நாள்கூட விட்டுப்போகக் கூடாது. நாலைந்து நாள் விட்டுப்போனால் வால்வில் ரத்தம் கட்டிவிடலாம். மூளைக்குப் போனால் கை கால் விழுந்துபோகும், ஆளும் போகலாம். இவர் சாப்பிடுவாரா?"

நானே பதில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். 'சாப்பிடுவேன்' என்ற வார்த்தை வாய்வரை வந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக வெளியே ஆஸ்பத்திரி வண்டிகள் நிற்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏலத்தில் கண் மூடித் திறப்பதற்குள் விலை சொல்கிறவள், அன்றைக்கு அவ்வளவு நேரம் எடுத்தாள். டாக்டரும் அவசரப்படுத்தவில்லை.

"தின்ன மாட்டாரு டாக்டரே," என்றாள்.

நான், "ஏட்டி..." என்று தொடங்கினேன்.

"நீங்க சும்மா இரிங்க." டாக்டரைப் பார்த்துத்தான் சொன்னாள். "ஒரு ரெண்டு மாசம் ஒழுங்காத் தின்பாரு. பொறவு எனக்கு ஒண்ணும் இல்ல, நல்ல சுகமா இருக்கேம்ணு நிறுத்திருவாரு. மீதி மாத்திரைய எவனுக்காவது குடுத்துருவாரு. நல்ல மனசுலதான் செய்வாரு. டப்பாவுல போட்டே பழகின ஆளு. நான் பக்கத்துல இருந்தா பாத்துக் குடுப்பேன். நான் சந்தைக்குப் போனா? இவரு எங்கயாவது எறங்கிப் போனா?"

முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"மாடு போதும்," என்றாள்.

டாக்டர் தலையை ஆட்டினார். என்னிடமும் ஒரு தடவை கேட்டார். நான் சரி என்றேன். நான் கேட்டதுதான் எனக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் வென்றவன்போல எனக்கு இல்லை. அவர் போன பிறகு அவள் கட்டிலுக்கு அந்தப் பக்கம் வந்து, என் போர்வையை அவசியமில்லாமல் சரிசெய்தாள்.

"கோவமா?" என்று கேட்டேன்.

"கோவம் என்னத்துக்கு? எனக்க பக்கத்துல இருந்து நீங்க விழுந்து கெடக்கதுக்குப் பதிலா, எங்கயாவது தூரத்துல நல்லா இரிங்க. எனக்கு அது போதும்." பிறகு, "மாட்டுக்கு ஒரு புத்தி உண்டு, எங்க போனாலும் தொழுவத்துக்குத் திரும்பி வரும். அதுக்க கொணம் கொஞ்சமாவது உங்களுக்கு ஒட்டட்டும்," என்றாள்.

மறுநாள் திறந்தார்கள். சீழ் வளையத்தில் ஒரு பக்கம்தான் அரித்திருந்ததாம். சுரண்டி எடுத்து, அந்தக் குழியை மாட்டுச் சவ்வாலேயே ஒட்டுப் போட்டு மூடி, அதன் மேல் வால்வைத் தைத்திருக்கிறார்கள். தான வால்வு தேவைப்படவில்லை. துடிப்பு முதலில் தடுமாறியதால் சில நாள் வெளியிலிருந்து துடிக்க வைக்கிற கம்பி வைத்திருந்தார்கள், பிறகு எடுத்துவிட்டார்கள். எனக்கு நினைவு வந்தபோது முதலில் தெரிந்தது நெஞ்சு வலி. இரண்டாவது, பக்கத்தில் மீன் வாசனை இல்லாதது. கையெல்லாம் மருந்துச் சோப்பு போட்டுக் கழுவச் சொல்லித்தான் அவளை உள்ளே விட்டிருக்கிறார்கள்.

பிறகு ஆறு வாரம் நரம்பில் மருந்து. கிருமி யாரென்று தெரியாததால் இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துப் போட்டார்கள். காய்ச்சல் சீக்கிரமே விட்டுவிட்டது. காய்ச்சல் விட்டதும் எனக்கு வீட்டுக்குப் போகத் தோன்றியது. ஆனாலும் கடைசி ஊசிவரை கிடந்தேன். என் வாழ்நாளில் நான் முழுதாக முடித்த ஒரே மருந்து அது. நடுவில் பல் டாக்டர் வந்து மீதி வேரையும் எடுத்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மத்தியானம், நான் பாயில் மல்லாந்து கிடந்தேன். அவள் மீன் கழுவின கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, தழும்புக்குப் பக்கத்தில் காதை வைத்தாள். நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன்.

"என்ன கேக்குது?"

"ஒண்ணும் கேக்கல. கள்ள மாடு," என்றாள். ஆனால் காதை உடனே எடுக்கவில்லை.

கனமான வேலை இனி ஆகாது. போட்டிலும் ஏறவில்லை. ஆனால் கால் அரிப்பு திரும்ப வந்துவிட்டது. கொச்சியில் துறைமுகத்துப் பக்கத்தில் போட்டுக்காரர்களுக்குச் சமைத்துப் போடுகிற ஒரு கடையில் இப்போது இருக்கிறேன். கிளம்புகிற அன்றைக்கு அவள் பையில் ஒரு புது பல் தூரிகையை வைத்தாள். பல் டாக்டர் பல்லைத் தொடுவதற்கு முன்னால் ஒரு மருந்து தின்ன வேண்டும் என்று டாக்டர் சொன்னதை, ஊரில் எல்லோரிடமும் சொன்னதுபோல என்னிடமும் திரும்பச் சொன்னாள். போகாதே என்று சொல்லவில்லை.

எங்கள் பழைய போட்டு கரைக்கு வந்தபோது ஒரு நாள் ஏறிப் பார்த்தேன். அதே அலமாரி, அதே டப்பா, பாதி தின்ற அட்டைகள். முழுதும் தின்னாமல் விடாதீர்கள் என்று சொன்னேன். "ஓ, நெசமான டாக்டரு வந்துட்டாரு," என்றார்கள். டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. அட்டைகளை எடுத்து எண்ணிப் பார்த்துவிட்டு, ஆளுக்கு ஒரு முழு அட்டை என்று தனித்தனியாக ரப்பர் வளையம் போட்டார். அந்தப் பழக்கம் எத்தனை நாள் நிற்கும் என்று தெரியாது.

நான் மாதம் ஒரு தடவை இனயத்துக்குப் போகிறேன். யாரும் கூப்பிடுவதில்லை. எனக்கு ரத்தம் எடுக்கவும் இல்லை, கீரைக்குக் கணக்கும் இல்லை. எப்படியோ ரயிலில் ஏறிவிடுகிறேன். சில மாதம் தவறியும் போகிறது, அப்போது அடுத்த தடவை இரண்டு நாள் கூட இருந்துவிடுகிறேன். போன தடவை போனபோது அவள் முற்றத்தில் உட்கார்ந்து சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பையோடு நான் நிற்பதை நிமிர்ந்து பார்த்தாள்.

"ரெத்தம் எடுக்க வந்தீங்களா?" என்றாள்.

"ஆமா," என்றேன்.

"அப்ப இஞ்ச இரிங்க," என்று பக்கத்தில் ஒரு பலகையை நகர்த்திப் போட்டாள்.